புகைச்சாமையின் நிறம்

எனக்கு ஆட்டோ என்றாலே ஆகாது. ரோட்டில் ஓடுகிற ஆட்டோவைச் சொல்லவில்லை, கேமராவுக்குள் உட்கார்ந்திருக்கிறதே, அதைச் சொல்கிறேன். வெளிச்சத்தை நீ பார்க்காதே, தூரத்தை நீ பார்க்காதே, நிறத்தை நீ பார்க்காதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விரலை மட்டும் வை என்று ஒரு மெஷின் சொன்னால் கோபம் வராதா? திருப்பத்தூரில் இருபத்தைந்து வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிற ராஜேஸ்வரியிடமா இந்தப் பேச்சு? கல்யாணத்துக்கு நானும் டிஜிட்டல் கேமராவைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அதிலும் எல்லாவற்றையும் கையால்தான் திருப்பி வைப்பேன்.

வைகாசிக் கடைசியில் வெண்ணிலா கடைக்கு வந்தாள். ஜவ்வாது மலைப் பெண், பி.எஸ்ஸி. படித்துவிட்டு மலையிலேயே சாமை விவசாயிகள் சங்கத்தில் வேலை பார்க்கிறாள். மேஜையில் ஒரு கடிதத்தையும் அதன் மேல் தன் போனையும் வைத்தாள்.

"அக்கா, போட்டோவுல ஒரு தகராறு. நீங்கதான் பாக்கணும்."

கதை இதுதான். மலைமேல் நெல்லிவாசல் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் அம்மாக்கண்ணு என்று ஒருத்தி ஒரு தனி ரகச் சாமை பயிரிடுகிறாள். உமி மற்ற சாமை மாதிரி வைக்கோல் நிறத்தில் இருக்காது. அடுப்படிப் புகை ஏறிய சாம்பல் நிறம், அதில் துளி ஊதா. அதனால் பேர் புகைச்சாமை. மழை பதினைந்து நாள் தள்ளிப் போனாலும் நிற்குமாம், காற்றுக்குச் சாயாதாம். அதை அந்த ஊர் ரகமாகப் பதிவு செய்யச் சொல்லி வெண்ணிலா விதை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். முதலில் படம் அனுப்ப வேண்டும். படத்தில் வித்தியாசம் தெரிந்தால்தான் ஆள் வந்து வயலைப் பார்ப்பார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் எழுதிய பதில்தான் மேஜையில் கிடந்தது. தானியம் வழக்கமான சாமையிலிருந்து வேறுபட்டதாகத் தெரியவில்லை, ஜூலை பதினைந்துக்குள் வேறு படம் வராவிட்டால் விண்ணப்பம் முடித்து வைக்கப்படும்.

போனில் படத்தைப் பார்த்தேன். தானியம் தங்கமாக மின்னியது. எடுத்து அப்படியே காலண்டரில் போடலாம்.

"புகை எங்கடி?"

"அதான்க்கா! கண்ணுக்குத் தெரியுது, போன்ல வர மாட்டேங்குது. நூறு தபா எடுத்துட்டேன்."

"போகட்டும், பதிவு ஆகலன்னா இப்ப யாருக்கு இன்னா நஷ்டம்?"

வெண்ணிலா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தக்கா வூட்டுல பேச்சு முடிஞ்சிபோச்சிக்கா. கொழுந்தனாரு வேடியப்பன் இந்த வருஷம் கொல்லை நெலம் பூராவும் கடையில வாங்குற விதைதான் போடணும்ங்கிறாரு. சாமைன்னா சாமைதான், இதுல இன்னா தனி ரகம்ங்கிறாரு. ஆபீஸ்ல வேற ரகம்னு ஒத்துக்கினா புகைச்சாமை, இல்லன்னா கடை விதை. அப்படித்தான் ஒப்பந்தம். வேற யார்கிட்டயும் அந்த வெதை இல்ல. இவங்ககிட்ட கீறது ஒரே மூட்டை. மண்ணுல போடலன்னா குத்தி சோறாக்கிடுவாங்க. அத்தோட சரி."

ஒரு மூட்டை. அது சோறாகிவிட்டால் உலகத்தில் அந்த நிறமே இருக்காது. எனக்கு அந்தச் சாமையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது. பீரோவைத் திறந்து என் ரஷ்யக் கேமராவை வெளியே எடுத்தேன்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுக்க இரும்பும் கண்ணாடியும். பேட்டரி கிடையாது. கழுத்தில் மாட்டினால் கழுத்து முன்னால் போகும். ஃபிலிம் சுருளைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கையால் இழுத்து, வெளிச்சத்தைக் கண்ணால் அளந்து எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் சும்மா கிடந்தும் ஷட்டர் தட்டினால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்.

"இதுக்கு ஒண்ணும் தெரியாது. முன்னால இருக்கிறத மட்டும்தான் எடுக்கும். அதான் இதோட மரியாதை," என்றேன். வெண்ணிலா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "யப்பா, இத்த வெச்சி தேங்காயே ஒடைக்கலாம்க்கா" என்றாள்.

அடுத்த வாரம் வெண்ணிலாவோடு கிளம்பினேன். புதூர்நாடு வரை பஸ், அதற்கு மேல் ஷேர் ஜீப். ஜீப்பில் பதினாறு பேர், இரண்டு மூட்டை புளி, ஒரு ஆடு. ஒரு திருப்பத்தில் ஜீப் குலுக்கிய குலுக்கலில் என் பையின் வாய் பிளந்து கேமரா வெளியே விழுந்தது. விழுந்தது மட்டுமா, பாறையில் மோதி இரண்டு தடவை உருண்டு முட்புதருக்குள் போனது. நான் போட்ட கூச்சலில் டிரைவர் நிறுத்தினார். போய் எடுத்துப் பார்த்தால் மூலையில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். ஷட்டரைத் தட்டினேன், கதவு சாத்தியது. ஜீப்பில் இருந்த அத்தனை பேரிடமும் அதைத் தட்டிக் காட்டினேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் அதிகப்படிதான்.

அம்மாக்கண்ணுவுக்கு என் வயதுக்கு இரண்டு மூன்று கூடுதலாக இருக்கும். நல்ல கறுப்பு, நேராகப் பார்க்கிற பார்வை. புருஷன் கேரளத்தில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டுடியோக்காரம்மாவா? வா, உக்காரு" என்றாள். உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறையச் சாமை கொண்டுவந்து வைத்தாள்.

அட, உண்மைதான்! சாம்பல் நிறத்துக்குள் ஊதா ஓடியது. விரலால் கிளறினால் கிளறின இடமெல்லாம் அதே நிறம். எனக்கு உடனே அந்தப் போன் என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

"வெண்ணிலா, படம் எடுக்காத. சும்மா கேமராவத் தொறந்து பக்கத்துல கொண்டா."

மூன்று பேரும் தலையை ஒன்றாக வைத்துப் பார்த்தோம். திரையில் முதலில் சாம்பல் நிறம் சரியாகத்தான் வந்தது. ஒரு கண் சிமிட்டுகிற நேரம். அப்புறம் மூலையில் சின்னதாகத் தட்டும் கரண்டியுமாக ஒரு குறி தோன்றியது. அவ்வளவுதான், தானியம் மெல்ல மெல்ல மஞ்சளாகி, பளபளப்பேறி, தங்கமாகிவிட்டது.

"அய்ய, சாப்பாடுன்னு நெனச்சிக்கிச்சி!" என்றாள் அம்மாக்கண்ணு. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னொரு தபா பண்ணு. இன்னொரு தபா."

போனைத் தூக்கினோம், இறக்கினோம். ஒவ்வொரு தடவையும் அதே நாடகம். அந்தத் தட்டையும் கரண்டியையும் நிறுத்திவிட்டுப் பார்த்தோம். அப்போதும் மாறியது, கொஞ்சம் நிதானமாக. திரை முழுக்க ஒரே ஊதாச் சாம்பலாக இருந்தால், வெளிச்சத்தில்தான் ஏதோ கோளாறு என்று அது முடிவுகட்டி மஞ்சளைக் கலக்கிறது. தன் முன்னால் இருப்பது அந்த நிறமாகவே இருக்கலாம் என்று அதற்குத் தோன்றுவதே இல்லை.

"பாத்தியா? இதுதான் இதோட புத்திசாலித்தனம். நீ தள்ளு," என்று சொல்லிவிட்டு நான் ரஷ்யக் கேமராவை எடுத்தேன். கிண்ணத்தில் வைத்து, தரையில் கொட்டி, உள்ளங்கையில் ஏந்தி, படச்சட்டம் நிறையத் தானியம் மட்டுமே தெரிகிற மாதிரி முப்பத்தாறு படம் எடுத்தேன். கீழே இறங்கியதும் ஃபிலிமைச் சென்னையில் ஒரு லேபுக்குக் கூரியரில் அனுப்பினேன். இப்போதெல்லாம் திருப்பத்தூரில் ஃபிலிம் கழுவ ஆள் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் படங்கள் மெயிலில் வந்தன. டீயைக் கையில் வைத்துக்கொண்டே திறந்தேன்.

தங்கம். முப்பத்தாறும் தங்கம்.

டீயைக் கீழே வைத்துவிட்டு லேபுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எதிர்முனையில் இருந்த ஆள் பொறுமையானவர்.

"மேடம், ஃபிலிமைக் கழுவினதும் ஸ்கேன் பண்ற மெஷின் ஆட்டோவா கலர் சரி பண்ணிடும். எல்லாருக்கும் அப்படித்தான் பிடிக்கும்."

"யாரு சரி பண்ணச் சொன்னது? அது கெட்டா போயிருந்துச்சு?"

"சரி பண்ணாம போட்டா மொத்தமும் ஊதாவா வரும் மேடம். அதுவும் நிஜம் கிடையாது. ஃபிலிம்ல இருக்கிறது தலைகீழ் நிறம், யாராவது ஒருத்தர் முடிவு பண்ணித்தானே ஆகணும்? எது நிஜம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க அந்தத் தானியத்தைப் பார்த்தோமா?"

போனை வைத்தேன். பாறையில் உருண்டும் அசையாத கேமரா, கடைசியில் ஒரு மெஷினிடம் போய்த் தோற்றுவிட்டது. ஜூலை பதினைந்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. அன்று மாலை மலைப்பக்கம் இடி இடிப்பது திருப்பத்தூர் வரை கேட்டது, விதைக்கிற மழை வந்துவிட்டது என்று வெண்ணிலா போனில் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வாரத்தைத் தின்றது என் வீம்புதானே?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. நான் போனபோது அம்மாக்கண்ணு வீட்டு வாசலில் வேடியப்பன் கடை விதை மூட்டையை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்தான், முகத்தில் பொல்லாத்தனம் எதுவும் இல்லை. வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, என் கேமராலயும் வரல," என்றேன். லேப்காரர் சொன்னதை எல்லாம் மறைக்காமல் சொன்னேன்.

வேடியப்பன், "நான்தான் சொன்னனே, அண்ணி. மெஷினு பொய் சொல்லுமா? ரெண்டு மெஷினும் ஒண்ணாத்தான சொல்லுது. சாமைன்னா சாமைதான்," என்றார்.

அம்மாக்கண்ணு அவரைக் கவனிக்கவே இல்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ எடுத்தது எல்லாம் என் சாமைய மட்டும்தான?"

"ஆமா. தெளிவா இருக்கணும்னு அதை மட்டும்தான் எடுத்தேன்."

"நானும் அப்படித்தான்க்கா எடுத்தேன்," என்றாள் வெண்ணிலா.

"அடப் படிச்சவளுங்களா! தனியா பாத்தா யாருக்குத்தான் தெரியும்? எனக்கே தெரியாது. எங்க பக்கம் வெதை கேட்டு வர்றவங்க வெறுங்கைய வீசிக்கினு வர மாட்டாங்க. அவங்க வெதையில ஒரு கை அள்ளிக்கினு வருவாங்க. ரெண்டையும் ஒரே மொறத்துல கொட்டித்தான் பாப்போம், இது வேறயா, ஒண்ணான்னு. நீங்க போட்டோ புடிக்கிறவங்க, உங்க வழக்கம் வேறயாட்டம் கீதுன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே முறத்தை எடுத்துவந்தாள். "ஏந்திரிங்க," என்று வேடியப்பனை எழுப்பி, அவர் மூட்டையிலிருந்தே ஒரு கை அள்ளி முறத்தின் ஒரு பாதியில் பரப்பினாள். தன் சாமையில் ஒரு கை அள்ளி மறுபாதியில் பரப்பினாள். முறத்தை வேடியப்பன் கையிலேயே கொடுத்தாள்.

ஃபிலிம் கழுவ நாள் இல்லை. "போனைக் கொடு வெண்ணிலா," என்றேன். ஆட்டோவை நிறுத்தக்கூட இல்லை, அந்தத் தட்டும் கரண்டியும் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். வந்தது. திரை முழுக்க மஞ்சள் ஏறியது. கடை விதை தங்கமானது. அதன் பக்கத்தில் புகைச்சாமையும் தங்கமாகப் பார்த்தது, முடியவில்லை. பழுப்பும் சாம்பலுமாக நின்றுவிட்டது. முறத்தின் நடுவே கோடு கிழித்தது போல இரண்டும் பிரிந்து தெரிந்தன.

"வெயில்ல காட்டுங்க," என்றேன் வேடியப்பனிடம். காட்டினார். நிறம் வேறு மாதிரி மாறியது, கோடு அப்படியே இருந்தது. "இப்ப நெழல்ல." அங்கேயும் கோடு இருந்தது. அதற்கப்புறம் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவரே முறத்தைத் தூக்கிக்கொண்டு புளிய மரத்தடிக்குப் போனார், மாட்டுக்கொட்டகைக்குள் போனார், "இங்க எடும்மா, இந்த இருட்டுல எடு" என்றார். போன் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நிறம் சொன்னது. இரண்டும் ஒன்று என்று மட்டும் அதனால் ஒரு இடத்திலும் சொல்ல முடியவில்லை. ரஷ்யக் கேமராவில் எடுத்திருந்தாலும் இதேதான் தெரிந்திருக்கும், அந்த லேப் மெஷின் தலைகீழாக நின்றாலும்.

பதினோராவது படத்தோடு அவர் முறத்தைக் கீழே வைத்தார். ஊதாச் சாம்பலில் கொஞ்சத்தை விரலால் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"வேறதான் போலகீது, அண்ணி. நாப்பது வருஷமா இதத் தின்னுக்கினுகீறேன், ஒரு நாளும் பக்கத்துல வெச்சிப் பாத்தது இல்ல."

"லெட்டர் வரட்டும்னு சொன்னீங்களே?"

"லெட்டரு வர்ற வரிக்கும் மழை நிக்குமா? மேட்டுக் கொல்லையில நீங்க போட்டுக்கங்க. எனக்கு ஓடையோரத் துண்டு போதும்."

அம்மாக்கண்ணு மூட்டையை அவிழ்க்க உள்ளே போனாள். வெண்ணிலா அங்கேயே நின்று பதினொரு படத்தையும் அலுவலகத்துக்கு அனுப்பினாள், சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி.

புரட்டாசியில் விதை அலுவலகத்திலிருந்து அருள்மணி என்ற அதிகாரி வந்தார். நானும் போயிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேட்டுக் கொல்லையில் கதிர் எல்லாம் புகை நிறத்தில் குனிந்து நின்றது. ஓடையோரத்தில் வேடியப்பனின் சாமை வைக்கோல் நிறத்தில் நின்றது. அருள்மணி இரண்டிலும் கதிர் ஒடித்துப் பார்த்தார், அளந்தார், எழுதினார். கடைசியில் நிமிர்ந்து, "சந்தேகமே இல்லம்மா, இது தனி ரகம்தான். பதிவுக்கு எழுதிடுறேன்," என்றார். "ஃபாரத்துல ஒட்ட உங்க போட்டோ ஒண்ணு வேணும். புதுசா எடுத்தது."

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரே பெருமை. கழுத்தில் ரஷ்யக் கேமரா, பக்கத்தில் வெண்ணிலாவின் போன். "இப்படி வெளிச்சத்துல வந்து நில்லுக்கா," என்றேன்.

"இரு," என்று சொல்லிவிட்டு அம்மாக்கண்ணு வீட்டுக்குள் போனாள். ட்ரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழைய கலர் படத்தோடு வந்து என் கையில் கொடுத்தாள். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையும் பெண்ணும். பெண் பால் மாதிரி வெளுப்பு. மாப்பிள்ளையும் வெளுப்பு, பின்னால் தொங்கிய நீலத் திரைகூட வெளிறிக் கிடந்தது.

"இது யாரு, சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. "யாருக்கா, உன் தங்கச்சியா?"

"நான்தான்!"

படத்தைத் திருப்பினேன். பின்னால் எங்கள் ஸ்டுடியோ முத்திரை இருந்தது.

"கல்யாணம் ஆன மறாநாளு கீழ எறங்கி உன் கடையிலதான் எடுத்தோம். நீதான் எடுத்த, ரெட்டை ஜடை போட்டுக்கினு இருந்த. வூட்டுக்கு எடுத்தாந்து காட்டுனா எங்க மாமியா கேட்டுச்சி, எம்புள்ள பக்கத்துல எவடி இவன்னு. ஊரே சிரிச்சிது. நான் அத்த செவுத்துல மாட்டவே இல்ல. பொட்டியில போட்டுட்டேன்."

"அப்ப என்னை மொத நாளே தெரியுமா? ஏன் சொல்லல?"

"எனக்கு வேலை ஆவணுமே!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது கடையில் பிரிண்ட் போடுகிற மெஷின் வைத்திருந்தோம். மஞ்சள், சிவப்பு, நீலம், அடர்த்தி என்று நாலு பொத்தான். முன்னால் உட்கார்ந்து அமுக்கியது நான். மலையிலிருந்து வருகிற பெண்களுக்கு, நிறம் வெளுக்கட்டும் என்று, அடர்த்தியை இரண்டு படி குறைப்பேன். யாரும் கேட்டதில்லை. கேட்காமலேயே செய்தேன், நல்லது செய்வதாக நினைத்துச் செய்தேன். அந்த மெஷினில் ஆட்டோவே கிடையாது. எத்தனை பேர் படத்தைப் பெட்டியில் போட்டிருப்பார்களோ. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மன்னிச்சிடுக்கா," என்றேன்.

"அட, வுடு. எத்தினி வருஷம் ஆச்சி."

அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டு, கொல்லைக்கு முதுகு காட்டி வெயிலில் வந்து நின்றாள். ரஷ்யக் கேமராவைத் தொட்டேன், விட்டேன். போனை வாங்கினேன், அதையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

"எதுலக்கா எடுக்கட்டும்?"

"எதுல வேணா எடு. எடுத்தப்புறம் நீ கை வெக்காத."